மேக்ஸ் கொடுப்பது யாருடைய எண்?

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்தில் ஒரு மீன் ஏலக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டேட்டாபேஸ் மையெஸ்க்யூஎல்தான். பில்லைச் சேர்த்ததும் ‘மேக்ஸ் ஐடி’யை (பில் டேபிளில் உள்ள மிகப் பெரிய எண்) கேட்டு, அந்த எண்ணின் கீழ் மீன்களைப் பதிகிறேன். இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து ஒருவருடைய சீலா இன்னொருவர் பில்லில் ஏறிவிடுகிறது. ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்தே பதிவாகும், இல்லையேல் எதுவுமே பதிவாகாது) வைத்தும் நிற்கவில்லை. நடுவில் சில பில் எண்களும் காணவில்லை. முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள தம்பி,

மேக்ஸ் டேபிளில் தெரியும் பெரிய எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அதைச் சேர்த்தது யார் என்று அதற்குத் தெரியாது. படகுகள் வந்து ஏலம் சூடுபிடித்திருக்கிறது. முதல் கம்ப்யூட்டர் 101ஐச் சேர்க்கிறது. அது மேக்ஸ் கேட்பதற்குள் இரண்டாவது 102ஐச் சேர்த்து கமிட்டும் செய்துவிடுகிறது, அதாவது பதிவை உறுதியாக்கிவிடுகிறது. இப்போது முதலாவது கேட்டால் 102 வரும். கணவாயும் நண்டும் அடுத்தவர் கணக்கில். ட்ரான்ஸாக்‌ஷன் ஏன் காப்பாற்றவில்லை? மையெஸ்க்யூஎல்லின் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் முறையில், நீங்கள் பார்க்கப்போகும் டேட்டாவின் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலை) எடுக்கப்படுவது முதல் செலக்ட்டின்போது, அதாவது முதலில் படிக்கும்போது; இன்சர்ட்டின்போது, அதாவது சேர்க்கும்போது, அல்ல. அதனால் இடையில் வந்த 102ம் தெரியும். டேபிளையே பூட்டலாம்தான், ஆனால் ஏல நேரத்தில் அதைச் செய்தால் உங்களுக்குத்தான் ஏச்சு.

‘லாஸ்ட் இன்சர்ட் ஐடி’ ஃபங்ஷனைக் கேளுங்கள். அது கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் தனி. பக்கத்துக் கம்ப்யூட்டர் எத்தனை பில் போட்டாலும் உங்கள் எண் மாறாது. பல இணைப்புகளைத் தயாராக வைத்து மாற்றி மாற்றித் தரும் பூல் வைத்திருந்தால் இன்சர்ட் போன அதே கனெக்‌ஷனில் கேட்க வேண்டும், அங்கேதான் பலர் வழுக்குவார்கள். ஒரே இன்சர்ட்டில் பல வரிகள் போட்டால் முதல் வரியின் எண்தான் கிடைக்கும். ஜாவா என்றால் ‘கெட் ஜெனரேட்டட் கீஸ்’ உண்டு. ஸ்டேட்மென்டைத் தயாரிக்கும்போதே உருவாகும் எண் (கீ) வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது ‘ரிட்டர்னிங்’தான். இன்சர்ட்டே எண்ணைக் கையில் கொடுத்துவிடும், தனியாகக் கேட்கும் வேலையே இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வெகுகாலமாக இருக்கிறது. மரியாடிபி 10.5இலும் எஸ்க்யூலைட் 3.35இலும் வந்துவிட்டது. மையெஸ்க்யூஎல்லில்தான் இல்லை.

அப்புறம், காணாமல் போன எண்கள். ரோல்பேக் ஆன, அதாவது பாதியில் ரத்தான, இன்சர்ட்டின் எண் திரும்பி வராது. யாரும் பில்லைக் கிழிக்கவில்லை என்று முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அவருக்கு வரிசை விடாத எண்தான் வேண்டுமென்றால் பில் எண்ணுக்குத் டேபிளில் தனி நெடுவரிசை வையுங்கள். கவுண்டர் டேபிள் ஒன்றில் ஒரே ஒரு வரி, அதே ட்ரான்ஸாக்‌ஷனில் கமிட்டுக்குச் சற்று முன் அதைக் கூட்டுங்கள். ரோல்பேக் ஆனால் அதுவும் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும்.

ஏற்கெனவே மாறி ஏறிய மீன்களுக்குக் குறுக்குவழி இல்லை. ஏலச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.