வாசலில் ஒரு தொட்டி

அன்புள்ள ஐயா,

மும்பையை அடுத்த தானேயில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போய்விடுவேன். வாசலில் வாடகை சைக்கிள் எடுத்து கன்ஹேரி குகைகள் வரை மிதிப்பது என் வழக்கம். மலையை நடந்துதான் அறிய முடியும், சைக்கிள் வெறும் விளையாட்டு என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் அந்த ஊரில் இருந்தவர். நடையா, சைக்கிளா? ஷிலோண்டா மாதிரியான காட்டுத்தடங்களிலும் கியர் சைக்கிளை அனுமதிக்கலாம் என்பது என் எண்ணம். சிறுத்தை பயமும் கொஞ்சம் உண்டு. குகைகளுக்குள் ஒரே ஒரு முறை போனேன். எல்லாம் ஒரே மாதிரி இருட்டு அறைகள். பெரிய குறை என்னவென்றால், மேலே குடிதண்ணீருக்குச் சரியான வசதி இல்லை. இரண்டு லிட்டரைச் சுமந்துகொண்டு ஏற வேண்டியிருக்கிறது.

ர., தானே

அன்புள்ள ர.,

கடைசி இரண்டு வரிகளை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்கு இந்தப் பதில் வந்திருக்காது. போன வாரம் எங்கள் தெருமுனைக் கிணற்றை மூடினார்கள். இடித்த வீட்டின் செங்கலையும் காரையையும் லாரியில் கொண்டுவந்து கொட்டி, மேலே மண்ணைப் போட்டு, இப்போது அங்கே இரண்டு பைக் நிற்கிறது. நாலு நாளாக மனசு அந்தக் கிணற்றிலேயே கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

சில்லறைகளை முதலில் முடித்துவிடுகிறேன். சிறுத்தைக்கு உங்களைவிடத் தெருநாய் மேல்தான் பிரியம். இருட்டு வேளையில் தனியாகப் போய் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்காதீர்கள், அது போதும். ஷிலோண்டா தடத்தில் நடப்பதற்கே அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். அங்கே சைக்கிளை இறக்க ஆசைப்படாதீர்கள். செருப்புக்கால் பட்ட மண் அழுந்தும், டயர் பட்ட மண் கீறும். ஜூன் மாத முதல் மழை அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டு இறங்கும், செப்டம்பரில் அது ஓடையாகியிருக்கும். பக்கத்துச் சரிவில்தான் கார்வி நிற்கிறது. நம் குறிஞ்சிக்கு உறவுக்காரச் செடி. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்றால் இதற்கு எட்டு. 2016-இல் பூத்தது, 2024-இல் பூத்தது. அதன் குச்சியை வரிந்து மண்ணும் சாணமும் பூசித்தான் அங்குள்ள வார்லிப் பழங்குடி மக்கள் வீட்டுச் சுவரே எழுப்பினார்கள். உங்கள் கியருக்காக அதை மிதிக்க வேண்டாம்.

இனி அந்தத் தண்ணீருக்கு வருகிறேன்.

தம்பி, கன்ஹேரியில் இருக்கும் குகைகளுக்கு 109 வரை எண் போட்டிருக்கிறார்கள். சும்மா மலையில் பொந்து தோண்டிவிட்டுப் போன இடமில்லை அது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் பௌத்தத் துறவிகள் குடியிருந்த ஊர். அந்த அறைகளில் பெரும்பாலானவற்றின் வாசலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு சதுரத் துளை இருக்கும். இன்று குப்பையும் பாசியும் கிடப்பதால் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். அது தண்ணீர்த் தொட்டி. பாறையைக் குடைந்த தொட்டி. நூற்றுக்கணக்கான ஆட்கள் ஆண்டு முழுக்கக் குடித்த தொட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு தண்ணீர் வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். (இப்போது அதைக் குடித்துவைக்காதீர்கள். இரண்டு லிட்டரைச் சுமந்தே போங்கள்.)

ஒரே மாதிரி இருட்டு அறைகளாம்! நீங்கள் உள்ளே பார்த்திருக்கிறீர்கள். வெளியே பார்க்க வேண்டும். அதுவும் மேலே ஏறி, குகைகளின் முதுகில் நின்று. அந்தச் சரிவு முழுக்கச் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். சில இடங்களில் விரல் அகலம், சில இடங்களில் சாண் அகலம். ஒரு வாய்க்கால் ஒரு குகையின் நெற்றியைச் சுற்றி, படிக்கட்டோரமாக வளைந்து, தொட்டிக்குள் விழும். அங்கே ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆனால் அத்தனையும் நாலு மாதத்தில். மீதி எட்டு மாதம் கருங்கல் காய்ந்து கிடக்கும். கையில் உளியும் சுத்தியலும் மட்டும் வைத்திருந்தவன் அந்த எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறான். வாய்க்கால் ஒரு விரல் சாய்வு தப்பினாலும் தண்ணீர் பக்கத்துப் பள்ளத்துக்குப் போய்விடும். கல்லில் வெட்டியதை அழித்து எழுத முடியுமா?

அதைவிட எனக்குப் பிடித்தது அங்குள்ள கல்வெட்டுகள். எந்த அரசன் யாரை வென்றான் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். குகை கொடுத்தவர்கள், தொட்டி கொடுத்தவர்கள் என்று ஒரு கூட்டமே பெயர் வெட்டி வைத்திருக்கிறது. பிராகிருதத்தில் தொட்டிக்குப் ‘போடி’ என்று பெயர், ‘பானீய போடி’ (நம் தேனிப் பக்கத்துப் போடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கல்யாண் நகரத்துப் பொற்கொல்லன் ஒருவன் ஒரு தொட்டியைத் தானம் செய்திருக்கிறான். நீங்கள் லோக்கல் ரயிலில் தாண்டிப் போகிற அதே கல்யாண்தான். நம் அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் பெயர் வெட்டிய மதுரைக்காரர்களிலும் ஒரு பொன் கொல்வன் உண்டு, கூடவே ஓர் உப்பு வணிகன். தராசு பிடித்து வாழ்கிற ஆட்களுக்கு மலையில் உட்கார்ந்திருப்பவன் மேல் அப்படி என்ன கரிசனமோ.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1983-இல் தாராவியில் நாங்கள் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். விடிகாலை நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். இருபது நிமிஷம் வந்தால் பெரிய காரியம். பக்கத்து அறை அண்ணாச்சி நாங்குநேரிப் பக்கத்துக்காரர். சைக்கிளில் இட்லி விற்கிறவர். “குடத்த வச்சிட்டு வந்து தூங்குலெ, மொதல்ல குடம்” என்பார். நான் தூங்கிவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பிய நாட்களில் தன் குடத்திலிருந்து பாதியை ஊற்றிவிட்டு நாள் முழுக்கத் திட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, “வால, ஒரு மலையப் பாத்துட்டு வருவோம்” என்று அந்த இட்லி சைக்கிளிலேயே கிளப்பிவிட்டார். பானை கட்டுகிற கேரியரில் நான். போரிவிலிக்கு இருபது கிலோமீட்டராவது இருக்கும். பாதி வழியில் நான் மிதித்தேன், அவர் கேரியரில் உட்கார்ந்து வழியில் போகிற வருகிறவர்களை விமரிசித்துக்கொண்டே வந்தார். பூங்காவுக்குள் ஆறேழு கிலோமீட்டர் ரோடு காட்டுக்குள் போகும், உங்களுக்குத் தெரியும். கடைசி ஏற்றத்தில் சங்கிலி கழன்றது. கை முழுக்கக் கிரீஸோடு தள்ளிக்கொண்டுதான் மேலே போய்ச் சேர்ந்தோம். கொண்டுபோன தண்ணீர் அதற்குள் தீர்ந்திருந்தது.

பெரிய புத்தர் நிற்கிற சைத்தியத்தின் (துறவிகளின் வழிபாட்டுக் கூடம்) முன்னால் நான் வாயைப் பிளந்து நின்றேன். அண்ணாச்சி உள்ளேயே வரவில்லை. தேடிப் போனால், ஏதோ ஒரு சின்ன அறையின் வாசலில் குப்புறப் படுத்துத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டார். கையால் சாண் போட்டு வாயை அளந்தார். அப்புறம் எழுந்து, வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறிப் போனார். நானும் பின்னால். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்து, “எவனோ நம்மூர்க் குளத்துக்காரன் மாதிரி வேலை பாத்திருக்காம்ல” என்றார். அவருடைய அப்பா மடை திறக்கிறவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இருட்டிய பிறகு திரும்பினோம். தாராவிக்கு வந்ததும் மித்தி ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினார். மித்தி என்றால் இனிப்பு. அதன் நாற்றம் உங்களுக்குப் பழக்கம்தானே. அந்த மலைக்குள் இருக்கும் விஹார் ஏரி நிரம்பி வழிந்துதான் இந்த ஆறு. 1860-இல் பம்பாய்க்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் கொடுத்த ஏரியும் அதுதான். இன்று நகரம் குடிப்பதில் பெரும்பங்கு தூரத்து ஏரிகளிலிருந்து வருகிறது, விஹாரும் பக்கத்துத் துளசி ஏரியும் கொடுப்பது கொஞ்சம். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அண்ணாச்சி அன்று சொன்னது வேறு: “காலைல நாலு மணிக்கு நீ தூங்குறப்ப இங்க ஓடுது பாரு ஓம் பங்கு.”

2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது அந்த மித்திதான் அவர் அறைக்குள் மார்பளவு ஏறியது. நான் அதற்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் போனில் கிடைத்தார். “வீடு நெறைய தண்ணி, குடிக்கச் சொட்டு இல்ல” என்று சிரித்தார். குடங்கள் மிதந்து தெருவுக்குப் போய்விட்டதாம். ஒன்றை மட்டும் பிடித்துவிட்டாராம், யாருடையது என்று தெரியவில்லையாம்.

அடுத்த ஜூனில், மழை தொடங்கிப் பத்து நாள் கழித்துப் போங்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, ஞாயிறு கூட்டம், ஆகவே ஒரு நாள் லீவு போடுங்கள். டிக்கெட் எடுத்து உள்ளே போய், பாசியில் வழுக்காத செருப்போடு ஏதாவது ஒரு தொட்டியிலிருந்து வாய்க்காலைப் பிடித்து மேலே ஏறிப் பாருங்கள். எங்கே தொடங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள். அண்ணாச்சியும் நானும் பிடித்துப் போன வாய்க்கால் எது என்று எனக்கு மறந்துவிட்டது.

நடையா சைக்கிளா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா. வாடகை சைக்கிள் என்றால் மணிக்கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும், அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நடந்தே போங்கள்.