கட்டும் கை, அவிழ்க்கும் கை

கேள்வி: நண்பர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய ஓவியத்தின் அச்சுப்படம். மதிலோரம் ஒரு ஜோடி கட்டியணைத்து நிற்கிறது. மில்லே என்ற ஆங்கில ஓவியர் ஓப்பரா பார்த்துவிட்டு வரைந்ததாம். மேடையில் பார்த்ததை அப்படியே வரைவதில் என்ன பெருமை? காலண்டர் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
- ஒரு வாசகர்

பதில்: கட்டியணைத்து நிற்கிறார்கள் என்கிறீர்கள். இன்னொரு முறை நண்பர் வீட்டுக்குப் போனால் முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். அவள் இரண்டு கையாலும் அவன் புஜத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டப் பார்க்கிறாள். அவனுடைய ஒரு கை அவள் தலையைத் தாங்கியிருக்கிறது. இன்னொரு கையின் விரல்களோ, முடிச்சு விழாதபடி அதே துணியைப் பிடித்து இழுக்கின்றன. நீங்கள் அணைப்பு என்று நினைத்தது ஓர் இழுபறி. இருவரும் கண்ணோடு கண் பார்த்தபடி, துளிச் சத்தமில்லாமல் நடக்கிற இழுபறி.

துணியில் என்ன இருக்கிறது? 1572 ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமேயு திருநாள். பாரிஸில் ஹியூகனாட்டுகளை, அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளை, கத்தோலிக்கர்கள் தேடித்தேடிக் கொன்ற நாள். அந்த நகரில் மட்டும் சுமார் 3,000 பேர் செத்திருப்பார்கள் என்பது பலரும் சொல்லும் கணக்கு. கொல்கிறவர்களுக்குத் தம் ஆளைத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் கையில் வெள்ளைத் துணி. படத்தில் இருப்பவள் கத்தோலிக்கப் பெண், அவன் ஹியூகனாட். கட்டிக்கொண்டால் பிழைப்பான். மாட்டேன் என்கிறான். 1852-ல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் படத்தை வைத்தபோது மில்லே தலைப்பிலேயே இதையெல்லாம் சொல்லிவிட்டார்: ‘புனித பர்த்தலோமேயு நாளில், ரோமன் கத்தோலிக்கச் சின்னத்தை அணிந்து ஆபத்திலிருந்து தப்ப மறுக்கும் ஒரு ஹியூகனாட்’.

சரி, ஓப்பராவுக்கு வருவோம். இசையமைப்பாளர் மேயர்பேரின் ‘லே ஹியூகனாட்’ என்ற ஓப்பரா 1836 பிப்ரவரி 29 அன்று பாரிஸில் அரங்கேறியது. கிராண்ட் ஓப்பரா வகை, பெயருக்கேற்ப எல்லாமே பெரிசு. ஐந்து அங்கம், பெருங்கூட்டமாகக் கோரஸ், கொலைக்குக் கிளம்புகிறவர்களின் கத்திகளை ஆசீர்வதிக்கும் துறவிகள், படுகொலைக்குச் சைகையாக அடிக்கிற மணி. பாரிஸ் ஓப்பரா அரங்கில் மட்டுமே ஆயிரம் முறைக்கு மேல் ஓடியது. கடைசி அங்கத்தில் நாயகி வலென்டின், காதலன் ராவுலுக்கு அந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவருகிறாள். அவன் மறுத்ததும் அவளே தன் மதத்தை விட்டு அவன் பக்கம் போய்விடுகிறாள். முடிவில் பெற்ற அப்பனே, மகள் என்று தெரியாமல், சுடச் சொல்லி உத்தரவிடுகிறான். மில்லே இதை லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் பார்த்தார்.

பார்த்துவிட்டு எதை எடுத்துக்கொண்டார்? துணியை. மணி இல்லை, கூட்டம் இல்லை, அப்பன் இல்லை, மதம் மாறுவதும் இல்லை. நீங்கள் சொல்கிற அந்த ‘அப்படியே’ எங்கே இருக்கிறது? பின்னாலிருக்கும் மதில்கூட மேடைச் சீலை கிடையாது. 1851 இலையுதிர் காலத்தில் சர்ரே பகுதியில் ஈவெல் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணையில் தங்கி, வெட்டவெளியில் உட்கார்ந்து செங்கல் செங்கலாகப் பார்த்து வரைந்த சுவர் அது. அவருடைய ‘ஒஃபீலியா’ ஓவியத்தின் ஆற்றங்கரையும் அதே பருவத்தில், அதே சுற்றுவட்டாரத்தில் வரைந்ததுதான். குளிர் தாங்காமல் லண்டன் திரும்பிய பிறகே ஆட்களைச் சேர்த்தார். அவன் முகம் எந்த ஓப்பராப் பாடகருடையதும் அல்ல, மில்லே வீட்டாருக்குப் பழக்கமான ஓர் இளைஞருடையது.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருக்கலாம். ஓப்பரா பிறகுதான் வந்தது. மில்லே முதலில் போட நினைத்தது மதிலோரம் வெறுமனே நிற்கும் ஒரு காதல் ஜோடியை. பிரீ-ராபேலைட் என்ற இளம் ஆங்கில ஓவியர் குழுவில் அவருடைய கூட்டாளியான ஹோல்மன் ஹன்ட், இது அரைத்த மாவு என்ற தொனியில் ஆட்சேபித்ததாகச் சொல்வார்கள். அப்புறம்தான் மில்லேக்கு ஓப்பராவின் வெள்ளைத் துணி கைகொடுத்தது. ஆக, காலண்டர் படமாகியிருக்க வேண்டியதைக் காப்பாற்றியதே நீங்கள் குறைசொல்லும் அந்த ஓப்பராதான். அப்போது மில்லேக்கு 22 வயது. புராட்டஸ்டன்ட் இங்கிலாந்தில் அவர் குழுவுக்குக் கத்தோலிக்கச் சாய்வு என்று பழிச்சொல் வேறு இருந்த நேரம், புராட்டஸ்டன்ட் நாயகன் அதற்கும் தோதாக அமைந்தான்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கவில்லை. 1856-ல் இதைச் செதுக்கி அச்சடித்து விற்றார்கள், நன்றாகப் போனது, நடுத்தர வீட்டு வரவேற்பறைகளில் ஏறியது. உடனே மில்லேக்கும் பக்குவம் பிடிபட்டுவிட்டது. பிரியும் ஜோடி, பின்னணியில் ஏதோ ஒரு சண்டை, தடுக்கும் ஒரு கை. 1860-ல் ‘கருப்பு பிரன்ஸ்விக்கர்’ என்று ஒன்று வரைந்தார், கருப்புச் சீருடை போட்ட ஒரு ஜெர்மன் படையின் பெயர் அது. போருக்குக் கிளம்பும் வீரனை வெளியே விடாமல் கதவைச் சாத்தப் பார்க்கிறாள் ஒருத்தி. அவளுக்கு மாடலாக நின்றவர் சார்லஸ் டிக்கன்ஸின் மகள் கேட். 1850-ல் மில்லேயின் ஏசு படத்தைப் பத்திரிகையில் கிழி கிழியென்று கிழித்தவர் அதே டிக்கன்ஸ் என்பது தனிக்கதை. பட்டுப் பாவாடையின் மடிப்புகளைப் பிரமாதமாக வரைந்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தைக் காலண்டர் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.