பள்ளிக்காகப் புறநகருக்குப் போகலாமா?

கேள்வி: நகரின் மையத்தில், ஓயாத இரைச்சலுக்கு நடுவே வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 6. நல்ல பள்ளிகள் உள்ள அமைதியான புறநகரில் வீடு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். ஆனால் அங்கிருந்து வேலைக்குப் போய்வர இருவருக்குமே தினம் 3 மணி நேரம் ஆகும். மகளோ வரமாட்டேன் என்று அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரைச்சலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரவில் சாலைப் போக்குவரத்துச் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2018-ல் பரிந்துரைத்தது. அதைத் தாண்டினால் தூக்கம் கெடும். மகனும் சின்னவன், எங்கே போனாலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான்.

எனக்கு உறுத்துவது அந்த 3 மணி நேரம்தான். அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966-ல் வந்த பெரிய ஆய்வறிக்கை, மாணவர்களின் தேர்ச்சியில் தெரியும் வித்தியாசத்துக்குப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பச் சூழலே பெரிய காரணம் என்றது. நல்ல ஆசிரியர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் பெற்றோர் இருவரும் இருட்டிய பிறகு களைத்து வந்து சேரும் வீட்டில், பள்ளியில் நடந்ததைப் பிள்ளை யாரிடம் சொல்லும்? பள்ளியால் கிடைப்பதைப் பயணம் தின்றுவிடக் கூடாது.

மகளின் அழுகையை அடம் என்று ஒதுக்காதீர்கள். வறுமை மிகுந்த குடியிருப்புகளிலிருந்து மேலான பகுதிகளுக்கு மாறிய அமெரிக்கக் குடும்பங்களை பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் ஆராய்ந்தார்கள். 13 வயதுக்குள் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்கள் நிலைமை வேறுதான். ஆனாலும் இந்த வயதில் தோழிகளை விட்டுப் போவது பெரிய இழப்பு. பஸ் வசதி குறைந்த இடமென்றால், நூலகத்துக்குப் போகக்கூட அவள் உங்களை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் இப்போதைக்கு வீடு வாங்க வேண்டாம். நல்ல பள்ளி இருக்கும் இடத்தில் அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். முதலில் பள்ளிக்கு நேரில் போய், அந்த முகவரியில் குடியிருந்தால் இடம் உறுதியா என்று கேளுங்கள்; பக்கத்தில் இருப்பதாலேயே எல்லாப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். மதிப்பெண் பட்டியலில் இதெல்லாம் தெரியாது. அப்புறம், ஒரு வேலை நாளில் காலை நெரிசலில் கிளம்பி மாலை நெரிசலில் திரும்பிப் பாருங்கள். மகளையும் ஒருநாள் அழைத்துப்போய், பள்ளி விடும் நேரத்தில் அந்தத் தெருக்களில் நடக்க விடுங்கள்.

உங்களில் ஒருவருக்காவது வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கவோ, பக்கத்தில் வேலை தேடிக்கொள்ளவோ முடிந்தால், ஒரு வருடம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாதென்றால், இப்போதிருக்கும் பகுதியிலேயே பிரதான சாலையை விட்டுத் தள்ளி, உள்தெருவில் வீடு தேடுங்கள். மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்போதும் மகன் சின்னப் பையனாகத்தான் இருப்பான். புறநகர்ப் பேச்சை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.