மானுக்கும் எல்க்குக்கும் ஒரே ரைஃபிள் போதுமா? எந்தக் குண்டு வாங்குவது?

அமெரிக்காவின் கொலராடோவில் மியூல் மானுக்கும், அதைவிட மிகப் பெரிய மான் இனமான எல்க்குக்கும் .30-06 என்ற தோட்டா வகையைச் சுடும் ஒரே ரைஃபிளை எடுத்துச் செல்ல இருப்பதாகவும், 400 கஜத்திலும் பிசகாத குண்டு எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரைஃபிள் புதிது என்றும், கடைக்காரரும் யூடியூபும் தொலைவைப் பற்றி மட்டுமே உங்களிடம் பேசியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு விலங்குக்கும் .30-06 தாராளமாகப் போதும். குண்டை மட்டும் 400 கஜத்தை நினைத்து வாங்காதீர்கள். 40 கஜத்தை நினைத்து வாங்குங்கள்.

காரணம் எளிது. ரைஃபிளிலிருந்து நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு, 40 கஜத்தில் அந்த வேகத்தை ஏறக்குறைய முழுதாகவே வைத்திருக்கிறது. வேகம் குறைந்த பிறகும், அதாவது வெகு தொலைவிலும், முனை விரிய வேண்டும் என்பதற்காக மெல்லிய செம்புறையும் மென்மையான ஈயமும் கொண்டு செய்யப்பட்ட குண்டு, அத்தனை வேகத்தில் தடித்த எலும்பில் மோதினால் உள்ளே செல்வதற்கு முன்பே உடைந்து சிதறிவிடுகிறது. நூறு கிலோவுக்கு உட்பட்ட மானின் விலா எலும்புக்கு அதே குண்டு குறையில்லாமல் வேலை செய்யும். முந்நூறு கிலோவைத் தாண்டும் ஆண் எல்க்கின் தோள்பட்டை வேறு விஷயம்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஃப்ளாட் டாப்ஸ் மலைப்பகுதியில், ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த சரிவில், உடன் வந்த அலுவலக நண்பர் ஓர் ஆண் எல்க்கை மிக அருகிலிருந்து சுட்டார். விலங்கு சற்றே எங்களை நோக்கித் திரும்பி நின்றது. குண்டு குறி தவறாமல் தோளில் பட்டது. இருந்தும் எல்க் விழவில்லை. இரத்தத் தடம் முதலில் தாராளமாக இருந்து, பிறகு இலைக்கொன்றாகத் தெறித்து, ஓடைக்கரையில் அற்றுப்போனது. மறுநாள் காலையில்தான் அதைக் கண்டுபிடித்தோம். தோலை உரித்தபோது தோள்பட்டையின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் இருந்தது. சுற்றிலுமிருந்த சதையில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் ஈயத் துகள்கள். நுரையீரலுக்குள் சென்றது எலும்புச் சில்லும் ஒரு சிறு துண்டும் மட்டுமே. நீண்ட தூரத்துக்கு என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்பட்ட பிளாஸ்டிக் முனைக் குண்டு அது.

நான் அப்போதும் இப்போதும் பயன்படுத்துவது 180 கிரெய்ன், அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள நோஸ்லர் பார்ட்டிஷன். பழங்காலக் குண்டு என்று என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு. பழையதுதான்: 1946ஆம் ஆண்டில் கனடாவில் சேறு அப்பிய மூஸ் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) ஒன்றின் மேல் தம் குண்டுகள் உடைந்து சிதறியதைப் பார்த்த ஜான் நோஸ்லர், ஈயத்தின் நடுவே செம்பால் ஒரு குறுக்குச் சுவர் வைத்து அதை வடிவமைத்து 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி அப்படியே முன்னேறிச் செல்லும். ஒரு பெண் எல்க்கை ஏறக்குறைய அதே தூரத்தில் நான் சுட்டபோது, குண்டு முன்தோளை உடைத்து, இரு நுரையீரலையும் கடந்து, மறுபக்கத் தோலுக்கடியில் தங்கிவிட்டது. உரிக்கும்போது கத்திமுனையில் தட்டுப்பட்ட அந்தக் கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தேன். மூன்றில் இரண்டு பங்கு எடை மிஞ்சியிருந்தது.

படும் இடம்தான் முக்கியம், குண்டு எதுவானாலும் பரவாயில்லை என்று பின்னூட்டத்தில் நிச்சயம் எழுதுவார்கள். பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் விலங்கின் விலாவுக்குள் சுடுவதாயிருந்தால் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடர்ந்த காட்டில் எல்க் அப்படி நின்று கொடுப்பதில்லை. வேட்டையே பாவம் என்போருக்கு என்னிடம் பதில் இல்லை; ஆனால் ஆட்டுக்கறி பிரியாணியைத் தட்டில் வைத்துக்கொண்டு எனக்கு ஜீவகாருண்யம் போதிக்கும் நண்பர்களிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது. விலங்கு விரைவாகச் சாக வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை யோசனையும்.

ஈயமே வேண்டாம் என்றால் முழுச் செம்புக் குண்டு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கான்டர் கழுகுகளைக் காப்பதற்காகத் தொடங்கிய கட்டுப்பாடு, 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாக் குண்டு கட்டாயம் என்ற அளவுக்கு விரிந்தது. வட டகோடாவில் 2008இல் நன்கொடையாக வந்த மான்கறிக் கொத்தில் ஈயத் துகள் கண்டறியப்பட்டு, அதை ஏழைகளுக்கு வழங்க வேண்டாம் என்று அரசே சொன்னது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை யோசியுங்கள். செம்பு உடைவதில்லை, எலும்பைத் துளைத்துப் போகிறது. ஆனால் வேகம் நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே இறங்கினால் பல செம்புக் குண்டுகள் சரியாக விரியாமல் மெல்லிய துளையிட்டுச் சென்றுவிடும். .30-06இல் 400 கஜம் என்பது அந்த எல்லைக்கு அருகில்தான். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு நீளம் கூடும். ஆகவே 180க்குப் பதிலாக 165 அல்லது 168 கிரெய்ன் எடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். கொலராடோவில் விரியும் குண்டு மட்டுமே அனுமதி. முழு உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு கூடாது. எடை மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன். நீங்கள் எச்-1பி விசாவில் இருந்தால் இன்னொன்று: விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்குரிய விலக்குகளுள் ஒன்று. உரிமம் கையில் இல்லாமல் தோட்டாப் பெட்டியைக்கூடத் தொடாதீர்கள்.

ஆகவே 180 கிரெய்ன் பார்ட்டிஷன், அல்லது ஈயமும் உறையும் பிரியாமல் பிணைத்த ஏதேனும் ஒரு குண்டு, அல்லது 168 கிரெய்ன் செம்பு. மூன்றில் எதை எடுத்தாலும் மானுக்கும் அதையே பயன்படுத்தலாம். தனியாக ஒன்று தேவையில்லை. மலிவான தோட்டாவில் பயிற்சி செய்யுங்கள், ஆனால் ஸ்கோப்பைச் சரிபார்க்கும் கடைசிச் சுற்றை வேட்டைத் தோட்டாவிலேயே சுடுங்கள். தோட்டா வகை மாறினால் குண்டு படும் இடமும் மாறும். ஈயத்திலிருந்து செம்புக்கு மாறுவதானால் அதற்கு முன் குழலை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.