வேறு வேலையில் சேர்ந்தால் முடங்கிவிடுவேனா?

கேள்வி: இளங்கலை முடித்து ஓராண்டாகிறது. படித்த துறையில் வேலை அமையவில்லை. ஒரு கிடங்கு அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சேர்ந்தால் அங்கேயே முடங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் முதுகலையில் சேர்ந்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பாடத்தின் மேல் ஆசை இருந்தால் முதுகலையில் சேருங்கள். உறவினர்களின் வாயை அடைப்பதற்காக என்றால் வேண்டாம். உங்கள் படிப்பு முடிந்ததும் "வேலை என்னாயிற்று?" என்று மறுபடி கேட்பார்கள். அவர்களுக்கு அலுப்பே வராது.

உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கனடாவின் பட்டதாரிகளைப் பற்றி 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பொருளாதார மந்தத்தின்போது படிப்பை முடித்தவர்கள் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தது தெரியவந்தது. அந்தக் குறை தீர ஏறக்குறைய 10 ஆண்டுகள் பிடித்தன. பலர் மீண்டது, மேலும் நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு மாறித்தான். குறைந்த சம்பள இடத்திலேயே தங்கிப்போனவர்களும் உண்டு. ஆகவே சேருங்கள், சேர்ந்த நாளிலிருந்தே அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருங்கள்.

நான் பல ஆண்டுகள் நேர்முகத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன். மதிப்பெண் பட்டியல், விண்ணப்பக் கட்டைப் பாதியாகக் குறைக்கத்தான் எங்களுக்குப் பயன்பட்டது. உள்ளே வந்தவரிடம், விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்த ஒரு வேலையைக் காட்டி, "இதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்போம். "நாங்கள் நான்கு பேர் சேர்ந்து..." என்று இழுப்பார்கள். ஒரு வரலாற்றுப் பட்டதாரி மட்டும் வேறு மாதிரி பேசினார். அவரும் கிடங்கில்தான் எழுத்தராக இருந்தார். திரும்பி வரும் சரக்குக்கான பதிவேட்டில் காரணம் எழுத இடமே இல்லையாம். இவராகவே ஒரு கட்டம் சேர்த்து எழுதிவந்திருக்கிறார். பாதிச் சரக்கு பெட்டி நசுங்கித் திரும்பியது அப்போதுதான் தெரிந்ததாம். அவர் எழுந்து போனதும் எங்களுக்குள் விவாதமே நடக்கவில்லை.

இன்னொன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு உதவியது எப்போதாவது சந்திக்கும் ஆட்களே என்று காட்டினார். நெருங்கிய தோழிக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரிந்துதானே இருக்கும்? உங்களுக்கு முன்பு படித்து முடித்த இரண்டு பேருக்கு இந்த வாரமே எழுதுங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லாதீர்கள், பயந்து ஓடிவிடுவார்கள். அவர்கள் அலுவலகத்தில் புதியவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.