1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்று ஏன் காட்டுகிறது?

இடம் எதுவும் காணாமல் போகவில்லை. ஒரே அளவை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு 1 டெராபைட் என்பது சரியாக ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதையே 1024ஆல் மூன்று முறை வகுக்கிறது, 931 வருகிறது.

சரி, இந்த 1024 எங்கிருந்து வந்தது? கணினியின் தற்காலிக நினைவகமான ரேமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரியில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்) கூடினால் எட்டக்கூடிய இடங்கள் இரண்டு மடங்காகும். 10 பிட் என்றால் 1024 இடங்கள். அதனால் ரேமுக்கு இரண்டின் அடுக்குகள் இயல்பாகவே பொருந்துகின்றன. டிஸ்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் அங்கே பத்தின் அடுக்கில், ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள்.

கிலோ அளவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம்தான், டெராவுக்கு வரும்போது கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதைத் தீர்க்கத்தான் 1998இல் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) என்ற அமைப்பு கிபிபைட் (KiB), மெபிபைட் (MiB), ஜிபிபைட் (GiB) என்று தனி அலகுகளைக் கொண்டுவந்தது. ஒரு ஜிபிபைட் என்பது 2இன் 30ஆம் அடுக்கு. விண்டோஸ் இன்றும் ஜிபிபைட்டில் கணக்கிட்டுவிட்டு, பக்கத்தில் ஜிபி (GB), அதாவது ஜிகாபைட் என்று எழுதுகிறது. குழப்பத்துக்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். மேக் கணினிகள் 2009 முதல் பத்தின் அடுக்கிலேயே காட்டுகின்றன.