ஏறின கியரிலேயே இறங்குங்கள்

மலைப்பாதைப் பயணம் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏற்றத்தைப் பற்றியவை. வண்டி ஏறுமா, இன்ஜின் தாங்குமா என்ற கவலைதான் எல்லோருக்கும். ஆனால் பிரச்சினை பெரும்பாலும் இறக்கத்தில்தான் வருகிறது. அதனால் இந்த இதழில் இறக்கம் பற்றிய கேள்விகளுக்கு முதலிடம்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது பாதி வழியில் கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. கார் வாங்கி நான்கு வருடம்தான் ஆகிறது, பிரேக் பேடும் புதிது. என்ன கோளாறு? (ஈரோடு வாசகர்)

பேடில் கோளாறு இல்லை. காலைப் பெடலிலிருந்து எடுக்காமலே இறங்கியிருக்கிறீர்கள்.

நான்கு பேருடன் உங்கள் கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக வெளியேற வேண்டும். ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு பெரிய அண்டா! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பினால், அவ்வளவு சூடும் சில கிலோ இரும்பில்தான் இறங்கும்.

சூடேறினால் இரண்டு விதமாகக் கெடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் காய்ந்து பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. குழாயில் ஆவிக்குமிழ் இருக்கும்போது நீங்கள் மிதிப்பது குமிழை நசுக்கவே போய்விடும், சக்கரம்வரை எட்டாது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது.

நான்கு வருட வண்டி என்பதுதான் இங்கே துப்பு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. டாட் 3 வகைக்கு 205, 140. எனவே கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் நிரப்பிவிட்டு "பார்த்தாச்சு சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி ஓட்டும் முறை. லாரி ஓட்டுநர்களின் பழைய கணக்குதான்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொல்லிமலையில் அது இரண்டாவது கியர், மிக நெருக்கமான வளைவில் முதல் கியர். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இன்ஜின் மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் உறுமினால் பயப்பட வேண்டாம். வேகம் கூடினால் பிரேக்கை ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுங்கள். லேசாக மிதித்தபடியே வருவதுதான் பேடை வறுத்தெடுக்கும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். சாவியை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம்: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும். ஹேண்ட் பிரேக்கையும் இறுக்க வேண்டாம். சூடான டிரம் ஆறிச் சுருங்கும்போது லைனிங்கைக் கவ்விக்கொள்ளலாம். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட மறக்காதீர்கள். சாலையில் கிடக்கும் கல் பின்னால் வரும் பைக்காரரைத்தான் விழவைக்கும்.

கேள்வி: ஸ்கூட்டரில் ஏற்காடு போய்வரலாமா? (சேலம் வாசகி)

ஏறுவதில் சிக்கல் இல்லை. இறங்கும்போது ஸ்கூட்டருக்கு ஒரு குறை உண்டு. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டு வேகம் குறைந்தால் கிளட்ச் தானாகவே விடுபட்டு, வண்டி நியூட்ரலில் உருள்வதுபோல ஆகிவிடும். மிக லேசாக ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பிடித்தால் கிளட்ச் மறுபடி கவ்வும். அப்போது இன்ஜின் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஆனாலும் அது கியர் பைக் அளவுக்கு வராது. ஆகவே முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் சறுக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு இடத்தில் நிறுத்தி டிரம்மை ஆறவிடுவது நல்லது. இருவரும் மூட்டையுமாக என்றால் பேருந்தில் போய்வாருங்கள்.

கேள்வி: என்னுடையது ஆட்டோமேட்டிக். தம்பி மின்சார கார் வைத்திருக்கிறான். எங்களுக்குக் கியர் கணக்கு எப்படி? (கோவை வாசகர்)

ஆட்டோமேட்டிக்கில் 'டி'யிலேயே விட்டுவிட்டால், வேகம் கூடும்போது கியர் பெட்டி மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். 'எல்', '2' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சார காரில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பும். ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, மோட்டாரின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தங்கும் விடுதியில் இரவெல்லாம் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் மலையிறங்குவது பலர் செய்யும் தவறு. 80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அடிவாரம் வரும்போது கொஞ்சம் கூடியிருந்தாலும் வியப்பில்லை.

கேள்வி: குறுகிய வளைவில் நேருக்கு நேர் வந்தால் யார் வழிவிட வேண்டும்? (திண்டுக்கல் வாசகர்)

இறங்குகிறவர். சாலை விதியும் அதுதான். ஏற்றத்தில் நின்ற வண்டி, அதிலும் பாரவண்டி, மறுபடி கிளம்புவது கடினம். வளைவில் பேருந்தைக் கண்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். அது திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவை. "சந்துல விட்டுடலாம்" என்று நீங்கள் உள்ளே நுழைந்தால் பின்னால் இருபது வண்டி ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும்.

கேள்வி: ஆழியாறிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் ஏற ஆசை. என்ன கியர் வேண்டும்? (பொள்ளாச்சி வாசகர்)

40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் கிடைத்தால், நிமிடத்துக்கு 60 முறை மிதித்து மணிக்கு ஏழரை கிலோமீட்டரில் நிதானமாக ஏறலாம். முன்னால் 50, பின்னால் 28 மட்டுமே இருந்தால் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 33 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியும் படியேறுவதுபோல இருக்கும். மூச்சு வாங்குமுன் முழங்கால் வலிக்கும். பின் கேசட்டை (பல்சக்கர அடுக்கை) மாற்றுவதுதான் செலவு குறைந்த வழி, ஆனால் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் உங்கள் டிரெய்லியர் அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் வேண்டும். வளைவின் உள்பக்கம் செங்குத்து அதிகம், எதிரே வண்டி வராதபோது சற்று வெளியே தள்ளி ஏறினால் கால் பிழைக்கும். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது, வரையாடுகள் தென்பட்டால் அதிர்ஷ்டம். அவற்றுக்குத் தின்பண்டம் போடக் கூடாது. இது யானை நடமாடும் காடு. வெயில் இருக்கும்போதே வால்பாறை போய்ச் சேரும்படி அதிகாலையில் கிளம்புங்கள். இறங்கும்போது ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கும். பிடிப்பதும் விடுவதுமாக இருங்கள்.

கேள்வி: குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம் என்கிறார்கள். ரயிலே இல்லாத மலையில் ஸ்டேஷன் எப்படி? (மதுரை வாசகி)

ஒரு காலத்தில் ரயில் இருந்தது. மூணாறுத் தேயிலையை மலைவிளிம்புவரை கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள், 1908இல் அது சிறுரயிலானது. விளிம்பிலிருந்த டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் கொட்டக்குடிக்கு இறங்கும், அங்கிருந்து போடிநாயக்கனூர். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நடப்பதைப் பொறுத்தவரை, அனுமதியில்லாமல் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதக் காலால் அதை முந்த முடியாது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவுடன் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். பிப்ரவரியில் தீக்காலம் தொடங்கினால் பாதைகளை மூடிவிடுவார்கள். டாப் ஸ்டேஷனைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் போடிமெட்டு வழியாக 17 வளைவு ஏறி மூணாறு போய், அங்கிருந்து சாலையிலேயே போகலாம்.

கேள்வி: ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கைபேசி வரைபடம் கல்லட்டி வழியைக் காட்டுகிறது. வெறும் முப்பது கிலோமீட்டர். போகலாமா? (சென்னை வாசகர்)

வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கத் தடை. 36 வளைவுகள், சரிவு மிகச் செங்குத்து. வரைபடத்துக்குத் தூரம் தெரியும், சரிவு தெரியாது. கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போங்கள். இரு மடங்குக்கு மேல் தூரம்தான், ஆனால் உருப்படியாகப் போய்ச் சேரலாம். ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் 2024 மே 7 முதல் சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். புறப்படுமுன் இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர் வழியாக மைசூருக்கு என்றால் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும்.

கேள்வி: வளைவு வந்தாலே மகளுக்கு வாந்தி. (விருதுநகர் வாசகி)

முன் இருக்கை, கண் தொலைவில் சாலைமீது, கையில் கைபேசி இல்லை. வெறும் வயிறும் வேண்டாம், பூரி கிழங்கும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் அளவு கேட்டு, மலையேறுவதற்கு முன்பே கொடுங்கள். வாந்தி தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. அந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும் என்பதால் ஓட்டுகிறவர் மட்டும் தொடக் கூடாது.